மூன்று பின்களும் ஒரு வாக்கியமும்

மேல் பின் ஏன் நீளமானது?

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். மூன்று பின்களில் இரண்டு ஒரே அளவில் இருக்க, மேலே உள்ள ஒன்று மட்டும் ஏன் தடித்தும் நீண்டும் இருக்கிறது? பித்தளைப் பின்களின் நுனி நடுவே பிளக்கப்பட்டிருந்தால், அந்தப் பிளவு எதற்கு என்பது அடுத்த கேள்வி. வெப்பத்தில் பித்தளை விரிவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்ற விடை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பிளவின் வேலை வேறு.

நீண்ட பின் எர்த் கம்பியோடு சேர்வது. அதன் மறுமுனை சாதனத்தின் உலோக உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். பிளக்கைச் செருகும்போது இந்தப் பின் மற்ற இரண்டுக்கும் முன்னதாகச் சாக்கெட்டைத் தொடுகிறது, பிடுங்கும்போது மற்ற இரண்டும் விலகிய பிறகே விலகுகிறது. ஆகவே பேஸ் கம்பி உள்ளே உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழுதான சாதனத்தில்கூட, மின்சாரம் பாயும் எந்தக் கணத்திலும் அது நிலத்துக்கு இறங்குவதற்கான வழி திறந்தே இருக்கிறது. தடிமன், அந்தப் பின் தவறியும் பேஸ் துளைக்குள் நுழையாதபடி தடுக்கிறது. துளைகளை மூடும் ஷட்டர் உள்ள சாக்கெட்டுகளில் அந்த ஷட்டரைத் தள்ளித் திறப்பதும் இதே பின்தான். பிளவோ பின்னை வில்லாக்குகிறது: துளைக்குள் நுழையும்போது இரு பாதிகளும் சற்றே நெருங்கி, பிறகு வெளிநோக்கி அழுத்திக்கொண்டே இருப்பதால் பிடிப்பு தளராமல் இருக்கிறது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எலெக்ட்ரிகல் கடைகளில் இன்னும் 5 ஆம்ஸ், 15 ஆம்ஸ் என்று கேட்டு வாங்கப்படும் இந்தப் பிளக்குகளின் வடிவம் 1934-இல் வெளியான பிரிட்டிஷ் தரநிலை 546-இலிருந்து வந்தது. இன்று இந்தியத் தரநிலை 1293 அவற்றை 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று வரையறுக்கிறது. இவ்வளவு காலம் பலரது கையில் தேய்ந்து பக்குவப்பட்ட ஒரு பொருளில் ஒருவர் புதிதாக ஒரு மாற்றம் செய்தால், அதற்கு 20 ஆண்டுத் தனியுரிமை கேட்க அவருக்குத் தகுதி உண்டா, அந்தத் தகுதியை அரசு அலுவலகம் ஒன்று எவ்வாறு சோதித்து அறிகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

தொடும் இடம் எவ்வளவு?

மின் இணைப்பி எனப்படும் பொருளின் வேலை மிக எளிது: இரண்டு உலோகத் துண்டுகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும். அந்தச் சேர்க்கையில்தான் சிக்கல் இருக்கிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பித்தளைப் பரப்பு நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். அத்தகைய இரண்டு பரப்புகள் சேர்வது, செஞ்சிக் குன்றுகளின் வரிசை ஒன்றைக் கவிழ்த்து இன்னொரு வரிசையின் மேல் வைத்தாற்போல, உச்சிகள் மோதும் சில இடங்களில் மட்டுமே தொடுவதாக முடிகிறது. மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கடக்க வேண்டியிருப்பதால் அங்கே ஒரு தடை உருவாகிறது. இதைத் தொடுதடை எனலாம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ராக்னர் ஹோம் என்ற சுவீடன் நாட்டு இயற்பியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து நிலைநிறுத்தியபோது, பொறியாளர்கள் அனுபவத்தில் அறிந்திருந்த ஒன்றுக்குக் காரணம் கிடைத்தது: பரப்பைப் பெரிதாக்குவதைவிட அழுத்தத்தைக் கூட்டுவதே தொடுதடையைக் குறைக்கிறது, ஏனெனில் அழுத்தம் கூடும்போது உச்சிகள் நசுங்கித் தொடுபுள்ளிகள் பெருகுகின்றன.

தொடுதடை ஓமில் நூறில் ஒரு பங்காக இருக்கும் சாக்கெட்டில் 10 ஆம்பியர் பாய்ந்தால் அந்த இடத்தில் பிறக்கும் வெப்பம் 1 வாட் மட்டுமே. பின் அதைத் தாங்கிக்கொள்ளும். அதே தடை பத்தில் ஒரு ஓமாக ஏறிவிட்டால் வெப்பம் 10 வாட் ஆகிறது. விரல்நுனி அளவு இடத்தில் ஓயாமல் பிறக்கும் 10 வாட், பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கி இளக்கவும் பித்தளை வில்லின் விறைப்பைத் தளர்த்தவும் போதுமானது. வில் தளர்ந்தால் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் தடை ஏறுகிறது, தடை ஏறினால் வெப்பம் மேலும் கூடுகிறது. கருகிய சாக்கெட்டுகள் திடீரென்று கருகுவதில்லை. இந்தச் சுழற்சியில் மெல்ல மெல்லக் கெட்டே கருகுகின்றன.

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் கடற்கரையில் உப்பளங்கள் பரந்திருக்கின்றன. உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோகப் பரப்பில் படிந்து அரிப்பை விரைவுபடுத்துவதால், உள்நாட்டு ஊர்களில் பல ஆண்டு தாங்கும் இணைப்பு அங்கே சீக்கிரமே பச்சை பூத்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் நீர் இறைக்கும் மோட்டாரைப் பழுது பார்ப்பவருக்குத் தொடுதடை என்ற சொல் தெரியாமல் இருக்கலாம். அதன் விளைவு அவருக்கு நன்றாகத் தெரியும்.

பழைய உறுப்புகளில் புதியது எது?

இந்தியாவில் காப்புரிமையை ஆளும் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டு 1972-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடித்தளமான 1959-ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார். ஒரு பொருள் காப்புரிமை பெற வேண்டுமானால் அது இதற்கு முன் உலகில் எங்கும் வெளிப்படாததாக இருக்க வேண்டும். அத்துறை அறிந்த ஒருவருக்கு இயல்பாகத் தோன்றிவிடாத ஒரு முன்னேற்றம் அதில் இருக்க வேண்டும். தொழிலில் செய்து பயன்படுத்தத் தக்கதாகவும் இருக்க வேண்டும். முதலாவது புதுமை, இரண்டாவது புத்தாக்கப் படி, மூன்றாவது தொழிற்பயன். பிளக், சாக்கெட் போன்றவற்றில் மூன்றாவது ஒருபோதும் சிக்கலாவதில்லை. முதலாவதைத் தாண்டுவதும் எளிது, ஏனெனில் சிறு மாற்றம் ஒன்றைச் சேர்த்தாலே அச்சாக அதைப் போன்ற இன்னொன்று இல்லை என்று சொல்லிவிடலாம். சோதனையின் பாரம் முழுவதும் இரண்டாவதன் மீது விழுகிறது.

இதற்குத் துணையாகச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் உள்ள ஒரு விலக்கு இணைப்பிகளுக்கு மிகவும் பொருந்துவது. அறிந்த சாதனங்களை அடுக்குவதாலோ மாற்றி அடுக்குவதாலோ இரட்டிப்பதாலோ மட்டும், அவை ஒவ்வொன்றும் தனித்தனியே தம் பழைய முறையில் இயங்கிக்கொண்டிருக்கும்வரை, கண்டுபிடிப்பு உண்டாவதில்லை என்று அது கூறுகிறது. பிளக்கோடு ஒரு விளக்கைச் சேர்த்தால் பிளக் பிளக்காகவும் விளக்கு விளக்காகவுமே இயங்குகின்றன. அது சேர்க்கை மட்டுமே. ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பின் நடத்தையை மாற்றினால்தான் கதை வேறாகிறது.

இதை உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஆப்பிள் நிறுவனம் 2006-இல் தன் மடிக்கணினிகளில் அறிமுகப்படுத்திய மேக்சேஃப் என்னும் காந்த இணைப்பி, கம்பியில் யாராவது கால் தடுக்கினால் கணினியைக் கீழே இழுக்காமல் தானே கழன்றுகொள்வது. காந்தத்தால் ஒட்டிக் கழலும் மின்கம்பி புதிதன்று. ஜப்பானில் எண்ணெய் கொதிக்கும் மின் பாத்திரங்கள் கவிழாமல் இருக்க அத்தகைய கம்பிகள் முன்பே புழக்கத்தில் இருந்தன. ஆயினும் 2007 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, ஏனெனில் கோரப்பட்டது காந்தம் அன்று. எப்பக்கம் திருப்பினாலும் பொருந்தும் சமச்சீர் அமைப்பும், எதிரெதிர் துருவங்களை அணியாக வைத்துப் பிடிப்பை வலுப்படுத்திய முறையுமே கோரப்பட்டன. பழையது எது, புதியது எது என்று கோடு கிழிக்கத் தெரிந்த விண்ணப்பம் தப்பிப் பிழைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

திண்டிவனத்துப் பட்டறையில் ஒரு சாக்கெட்

சோதனை நடக்கும் விதத்தைப் படிப்படியாகக் காண ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். திண்டிவனத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்று இருப்பதாகவும், உப்பளத்திலிருந்து கருகி வரும் சாக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்து அதன் உரிமையாளர் புதிய சாக்கெட் ஒன்றைச் செய்வதாகவும் கொள்க. அவரது சாக்கெட்டில் ஒவ்வொரு துளைக்குள்ளும் பின்னைப் பிடிக்கும் பித்தளை வில்தகடு இருக்கிறது. தகட்டைச் சுற்றி, சுவருக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட இடத்தை நிரப்பியபடி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிளக்கை முழுவதும் அழுத்தும்போது அதன் முகம் வளையத்தை மேலிருந்து நசுக்குகிறது. ரப்பரின் வடிவம் எளிதில் மாறும், கனஅளவு ஏறக்குறைய மாறாது. வெளிப்புறம் சுவர் தடுப்பதால் அது உள்நோக்கிப் புடைத்து, வில்தகட்டின் முதுகைத் தள்ளிப் பின்மேல் பதிக்கிறது. உப்புக்காற்றை வெளியே நிறுத்தும் அடைப்பு எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவுக்குத் தொடுபுள்ளியின் அழுத்தமும் கூடுகிறது.

விண்ணப்பத்தின் உயிர் அதன் உரிமைக்கோரல். எது தன்னுடையது என்று விண்ணப்பதாரர் எல்லை வகுக்கும் பகுதி அது. எவ்வளவு நீண்டாலும் ஒவ்வொரு கோரலும் ஒரே வாக்கியமாக எழுதப்படுவது வழக்கம். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலிக்கல், ஆகையால் சொல் குறைந்தால் எல்லை விரியும், சொல் கூடினால் எல்லை சுருங்கும். நம் பட்டறைக்காரர் முதலில் இப்படிக் கோருகிறார் என்க: பின்களை ஏற்கும் துளைகளும், ஒவ்வொரு துளையிலும் ஒரு வில்தகடும், ஈரம் புகாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வளையமும் கொண்ட மின் சாக்கெட். எல்லை மிக அகலம். தமிழ்நாட்டில் விற்கும் ஈரம் புகாத சாக்கெட்டுகள் பலவும் அதற்குள் அடங்கிவிடும் அளவுக்கு அகலம்.

தேடுபவரின் மேசையில்

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு உரியவை. கிண்டியில் அது இருப்பது ஜி.எஸ்.டி. சாலையில், திண்டிவனம் வழியாக விழுப்புரம் செல்லும் அதே சாலை. ஆனால் தாக்கலான விண்ணப்பம் எந்த நகரத்து ஆய்வாளருக்கும் ஒதுக்கப்படலாம். தாக்கல் நாளிலிருந்து 18 மாதம் கழிந்ததும் அது வெளியிடப்படுகிறது; தனியே கோரிக்கை வைத்தால்தான் ஆய்வு தொடங்கும். 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அந்தக் கோரிக்கைக்கு உரிய காலம் 31 மாதம். முன்பு அது 48 மாதமாக இருந்தது. தனிநபர் மின்வழியில் தாக்கல் செய்ய அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய், ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய்.

ஆய்வாளர் முதலில் பொருளுக்கு வகைப்பாட்டுக் குறி இடுகிறார். உலகக் காப்புரிமை ஆவணங்கள் அனைத்தும் பன்னாட்டு வகைப்பாட்டின்படி அடுக்கப்பட்டுள்ளன. மின் இணைப்பிகளுக்கு உரியது எச் 01 ஆர் என்னும் பிரிவு. அதற்குள் 13/52 என்ற உட்பிரிவு தூசியும் நீரும் புகாத இணைப்பிகளுக்கானது. அந்த அடுக்கில் ஜெர்மன், ஜப்பானிய, சீன, அமெரிக்க ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. காப்புரிமை ஆவணங்கள் மட்டுமன்றி நூல்கள், தரநிலைகள், விற்பனைப் பட்டியல்கள் என ஏற்கெனவே வெளிப்பட்ட அனைத்தும் சேர்ந்ததே முன்னறிவுத் தொகுதி.

நம் எடுத்துக்காட்டில் ஆய்வாளர் இரண்டு பழைய ஆவணங்களைக் கண்டெடுப்பதாகக் கொள்வோம். முதலாவதில் ரப்பர் வளையம் கொண்ட நீர்புகாச் சாக்கெட் உண்டு, ஆனால் வளையம் தகட்டைத் தொடுவதில்லை. இரண்டாவதில் ரப்பர் உறை ஒன்று தொடுதகட்டை இறுக்குகிறது, ஆனால் அது எப்போதும் ஒரே அளவில் இறுகியிருப்பது. பிளக் செருகப்படுவதோடு அதற்குத் தொடர்பில்லை. அகலமான முதல் கோரலில் துளை, தகடு, வளையம் ஆகிய மூன்று உறுப்புகளே உள்ளன. மூன்றும் முதல் ஆவணத்திலேயே இருப்பதால் அது புதுமைச் சோதனையிலேயே விழுகிறது. முதல் ஆய்வறிக்கை இந்தக் காரணத்தோடு விண்ணப்பதாரருக்கு வருகிறது. பதில் சொல்ல 6 மாதம், கேட்டால் மேலும் 3 மாதம் உண்டு.

முதல் அறிக்கையில் ஆட்சேபம் வருவது நடைமுறையின் இயல்பான பகுதி. அதைத் தோல்வி என்று எண்ணிப் பதிலளிக்காமல் கைவிடுபவர்களின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்பட்டுவிடும் என்பது வருந்தத்தக்கது, ஏனெனில் எது உண்மையில் புதியது என்ற தெளிவு பெரும்பாலும் அந்த அறிக்கைக்குப் பதில் எழுதும்போதுதான் பிறக்கிறது.

துறை அறிந்தவர் என்னும் ஒருவர்

பட்டறைக்காரர் கோரலைச் சுருக்குகிறார்: பிளக்கின் முகம் வளையத்தை நசுக்கும்போது அது உள்நோக்கிப் புடைத்து வில்தகட்டைப் பின்மேல் பதிக்கும் வகையில் தகட்டுக்கும் சுவருக்கும் இடையே அடைக்கப்பட்டிருப்பது என்ற பகுதி சேர்கிறது. இப்போது எந்த ஒற்றை ஆவணமும் அதை முழுதாகக் காட்டவில்லை; புதுமை நிலைபெற்றுவிட்டது. இரண்டு ஆவணங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் இந்த யோசனை தோன்றியிருக்குமா என்பதே அடுத்த கேள்வி.

யாருக்குத் தோன்றியிருக்க வேண்டும்? சட்டம் இதற்காக ஒரு கற்பனை மனிதரைப் படைத்திருக்கிறது. துறை அறிந்தவர் எனப்படும் அவர் தன் தொழிலின் நூல்களையெல்லாம் படித்தவர், கைத்திறன் மிக்கவர், ஆனால் புதிதாகக் கற்பனை செய்யும் ஆற்றல் இல்லாதவர். மிர்சாபூரின் பாத்திரத் தொழிலகம் ஒன்று, கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்துவைக்கும் சாதனத்துக்குப் பெற்றிருந்த காப்புரிமை பற்றிய வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் இந்த மனிதரை அளவுகோலாக்கியது: தேர்ந்த கைவினைஞர் ஒருவர் தம் வேலைப்போக்கில் செய்துவிடக்கூடிய பட்டறைத் திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது. அந்தக் காப்புரிமை நிலைக்கவில்லை. சிறு பட்டறைகளுக்கு இது கடுமையான அளவுகோல்தான். ஆனால் அதே அளவுகோல்தான் எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவான திருத்தங்களை ஒரு நிறுவனம் தன் பெயரில் வளைத்துக்கொள்வதிலிருந்து அவற்றைக் காக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

நம் சாக்கெட்டைப் பொறுத்தவரை ஆய்வாளர் சொல்லக்கூடியது: வளையமும் தெரியும், தகட்டை ரப்பரால் இறுக்குவதும் தெரியும், சேர்ப்பதில் என்ன வியப்பு? விண்ணப்பதாரர் சொல்லக்கூடிய வலுவான மறுமொழி தொடுதடையின் இயற்பியலிலேயே இருக்கிறது. தொடுபுள்ளி வெப்பம் பிறக்கும் இடம். வெப்பத்தில் சாதாரண ரப்பர் இறுகி மீள்தன்மை இழக்கும். ஆகவே துறை அறிந்தவர் ரப்பரைத் தகட்டிலிருந்து விலக்கியே வைப்பார், முதல் ஆவணமும் அப்படித்தான் வைத்திருக்கிறது. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் சிலிக்கோன் ரப்பரைத் தேர்ந்து, துறை விலக்கிய இடத்திலேயே அதைப் பொருத்தி, அடைப்பையும் அழுத்தத்தையும் ஒரே அசைவில் பிணைத்ததால் வெப்பமே குறைந்தது என்று காட்டினால், உறுப்புகள் தனித்தனியே இயங்கவில்லை, ஒன்று மற்றொன்றை இயக்குகிறது என்பது நிறுவப்படுகிறது. 3-ஆம் பிரிவின் விலக்கும் அதோடு விலகுகிறது.

வடிவமா, செயலா?

சாக்கெட்டின் முகப்பு அழகுக்காக அறுகோணமாக இருந்தால் அதற்கு இந்த வாயில் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தோற்றம் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவாகிறது; பாதுகாப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் வேலைக்காக மட்டுமே அமைந்த வடிவத்தை அங்கே பதிய முடியாது. எர்த் பின்னின் நீளம் தோற்றம் அன்று, அது செயல்.

முத்திரை விழுந்த பிறகு

காப்புரிமை வழங்கப்பட்டதோடு கேள்விகள் முடிவதில்லை. வெளியிடப்பட்ட விண்ணப்பத்தை வழங்கலுக்கு முன் எவரும் எதிர்க்கலாம். வழங்கிய பின் ஓராண்டுக்குள் அதில் அக்கறை உள்ளவர் எதிர்க்கலாம். தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற சான்று மதுரைக்காரர் ஒருவர் பெற்ற காப்புரிமை: ஒரே கைப்பேசியில் பல சிம் அட்டைகளை இயக்கும் அமைப்புக்கு 2008-இல் எண் 214388 வழங்கப்பட்டது, பெரும் கைப்பேசி நிறுவனங்கள் அதை எதிர்த்தன, 2012-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அதை நீக்கியது. முன்பே வெளியாகியிருந்த ஆவணங்களோடு ஒப்பிட்டபோது அதன் புத்தாக்கப் படி நிலைக்கவில்லை. அலுவலகத்தின் தேடல் எட்டாத ஆவணத்தைப் பணமும் காரணமும் உள்ள எதிராளி எட்டிவிடுவார். ஆகவே தன் கோரலைத் தானே முதலில் ஐயத்தோடு சோதிப்பதே விண்ணப்பதாரருக்கு நல்லது. அதற்கான உதவி சென்னையில், தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தில் கிடைக்கிறது.

தாக்கல் நாளின் கணக்கு

பட்டறைக்காரர் எளிதில் இழக்கக்கூடியது நாளைத்தான். புதிய சாக்கெட்டைப் பத்துப் பேருக்கு விற்றுவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால், அந்த விற்பனையே அவருக்கு எதிரான முன்னறிவாகிவிடும். முழு விவரம் ஆயத்தமாகாவிட்டால் தற்காலிக விவரக்குறிப்பை முதலில் தாக்கல் செய்து நாளைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தரச் சட்டம் இடமளிக்கிறது. ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும் என்று விதிகள் கூறுவதால், தமிழில் சிந்தித்துச் செய்த ஒருவர் எழுத்துக்கு இன்னொருவரை நம்ப வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டிய நிலை. மாறும்வரை, எழுதுபவரிடம் பொருளைக் காட்டுவதோடு நிற்காமல், வளையம் எத்தனை மில்லிமீட்டர் நசுங்குகிறது, எந்த ரப்பர் தோற்றது, எது நின்றது, முன்பும் பின்பும் தொடுபுள்ளியின் வெப்பநிலை எவ்வளவு என்பதையெல்லாம் அவர் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். ஆட்சேபம் வந்த பிறகு கோரலைச் சுருக்கலாம், பிழையைத் திருத்தலாம். தாக்கல் நாளில் முழு விவரக்குறிப்பில் இல்லாத ஒரு பொருளைப் பிறகு உள்ளே சேர்க்கச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தருவதில்லை.